கடல் கடக்குமுன் பல்லைக் காட்டுங்கள்

சென்ற தை மாதத்தில், பொங்கல் விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த இளைஞர் ஒருவர் தம் தாயாருடன் எங்கள் பல் பிரிவுக்கு வந்தார். கப்பல் பழுதுபார்க்கும் துறையில் வெல்டராகப் பணிபுரிபவர். வலக் கன்னம் வீங்கியிருந்தது. வாய் ஒரு விரலளவுக்கு மேல் திறக்கவில்லை. கீழ்த்தாடையின் கடைவாய்ப்பல் ஒன்று வேர்வரை சொத்தையாகி, அதன் அடியில் சீழ் கோத்திருந்தது. வலி தொடங்கி எவ்வளவு காலம் ஆயிற்று என்று கேட்டேன். எட்டு மாதம் என்றார். அந்த எட்டு மாதமும், ஊரிலிருந்து போவோர் கையில் தாயார் கொடுத்தனுப்பிய மாத்திரை அட்டைகளே அவரை வேலையில் நிறுத்தி வைத்திருந்தன.

"அங்கேயே ஒரு பல் டாக்டரைப் பார்த்திருக்கலாமே?" என்றேன்.

"போய் என்ன சொல்றதுன்னு தெரியல டாக்டர். எவ்வளவு கேப்பாங்கன்னும் தெரியல."

தாயாருக்கு வேறு கவலை. "இன்னும் பதினோரு நாள்ல பிளேன் ஏறணும். அதுக்குள்ள எல்லாப் பல்லையும் சரி பண்ணிடுங்க டாக்டரம்மா."

பல் போனால் சொல் போச்சு என்பது நம் பழமொழி. அயல்நாட்டில் வாழ்வோருக்கு இது தலைகீழாக நிகழ்கிறது. அங்கே முதலில் சொல் போகிறது. பிறகு பல் போகிறது. வலியை எடுத்துரைக்கும் மொழியும், செலவைக் கேட்டறியும் துணிவும் இல்லாதபோது, எளிதில் காப்பாற்றியிருக்கக்கூடிய பல்லும் பிடுங்கப்படும் நிலையை அடைகிறது. சில வேளைகளில் பல்லோடு நில்லாமல் உயிருக்கும் கேடு வருகிறது. இதைத் தடுக்கும் பொறுப்பு அயல்நாட்டு மருத்துவரிடம் மட்டும் இல்லை. அதன் பெரும்பகுதி புறப்படும் ஊரில், நம் கையில் இருக்கிறது என்பதே என் கருத்து.

அயலாராக இருந்து நோயுறுவது எத்தகையது என்பதைத் தரங்கம்பாடியைவிட நன்கு அறிந்த ஊர் நம் பகுதியில் இல்லை. 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் உடன்படிக்கை செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் இங்கே கோட்டை கட்டினார்கள். 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கினார். 1719-இல் முப்பத்தாறு வயதிலேயே இங்கு மறைந்தார். அவருக்குப் பின் வந்த மிஷனரிகளின் உடல்நலம் பேண, ஜெர்மனியின் ஹாலே நகரிலிருந்து மருத்துவர் ஒருவரை அனுப்பினார்கள். 1730-இல் வந்த அந்த மருத்துவர் அவ்வாண்டிலேயே இறந்துபோனார். 1732-இல் வந்த சாமுவேல் பெஞ்சமின் க்னோல் என்பவரே நெடுங்காலம் நிலைத்துப் பணியாற்றினார். இதனிடையே, சீகன்பால்குவின் தோழர் கிரண்ட்லர் வேறொரு வழியைக் கண்டார். இம்மண்ணின் மருத்துவத்தை இம்மண்ணின் வைத்தியர்களிடமிருந்தே அறிய முற்பட்டு, தமிழ் மருத்துவ நூல்களின் செய்திகளை 1711-இல் தொகுத்து ஹாலேக்கு அனுப்பினார். அயலூரில் உடலைக் காத்துக்கொள்ள வேண்டுமானால் அவ்வூரின் மருத்துவ முறையைக் கேட்டறிய வேண்டும் என்ற உண்மை அவருக்கு விளங்கியிருந்தது.

இன்று நிலை மாறிவிட்டது. அன்று கடல் கடந்து இங்கே வந்தார்கள். இன்று இங்கிருந்து கடல் கடந்து போகிறார்கள். தரங்கம்பாடி, பொறையார், ஆக்கூர், திருக்கடையூர் வட்டாரங்களில் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ உறவினர் ஒருவரேனும் இல்லாத தெருவைக் காண்பது அரிது. பிள்ளைகளைக் காணக் கனடாவுக்கும் அமெரிக்காவுக்கும் செல்லும் முதியோரும் பலர். இவர்கள் புறப்படுமுன் கடவுச்சீட்டு, விசா, ஒப்பந்தம் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறார்கள். வளைகுடா செல்வோருக்கு மருத்துவப் பரிசோதனையும் கட்டாயம். ஆனால் மார்பு எக்ஸ்ரேயும் இரத்தப் பரிசோதனையும் காசநோய், கல்லீரல் அழற்சி, எச்.ஐ.வி. போன்ற தொற்றுகளைக் கண்டறியவே எடுக்கப்படுகின்றன. பல் நலத்தைக் காப்பது அப்பரிசோதனையின் நோக்கம் அன்று. 'மருத்துவத் தகுதி உண்டு' என்ற சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு, வாயில் மூன்று சொத்தைப் பற்களுடன் விமானம் ஏறுவோரை நான் ஆண்டுதோறும் காண்கிறேன்.

காப்பீடு இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். அங்கேதான் பெரும்பாலோர் ஏமாற்றம் அடைகிறார்கள். சிங்கப்பூரில் பணி அனுமதி பெற்ற தொழிலாளருக்கு முதலாளி எடுத்தாக வேண்டிய மருத்துவக் காப்பீடு, 2023 ஜூலை முதல் ஆண்டுக்குக் குறைந்தது 60,000 சிங்கப்பூர் வெள்ளி. இது மருத்துவமனையில் தங்கிப் பெறும் சிகிச்சைக்கும், அன்றே வீடு திரும்பும் அறுவைச் சிகிச்சைக்கும் உரியது. கிளினிக்கில் நாற்காலியில் அமர்ந்து செய்துகொள்ளும் பல் அடைப்புக்கோ வேர்ச்சிகிச்சைக்கோ உரியது அன்று. கனடாவிலும் ஆஸ்திரேலியாவிலும் குடிமக்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடே வழக்கமான பல் சிகிச்சையைப் பொதுவாக ஏற்பதில்லை. கனடாவின் சூப்பர் விசாவில் செல்லும் பெற்றோர் குறைந்தது 1,00,000 டாலருக்குக் காப்பீடு எடுக்க வேண்டும். அத்தகைய காப்பீடுகள் பல்லுக்கென ஒதுக்குவது, பெரும்பாலும் அவசர வலி நீக்கத்துக்கான ஒரு சிறு தொகை மட்டுமே. ஆகவே காப்பீட்டுப் பத்திரத்தில் 'பல்' என்ற சொல் எங்கே வருகிறது, எதை ஏற்கிறது, எதை விலக்குகிறது என்பதைப் புறப்படுமுன் படித்துப் பார்த்தல் வேண்டும். படிக்க இயலாதவர்களுக்குப் படித்துச் சொல்வது வீட்டிலுள்ள இளையோரின் கடமை.

அடுத்து, மாத்திரை அட்டைகள். பெற்ற மனத்தின் பரிவில் அனுப்பப்படுபவை அவை. ஆயினும் அவற்றை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பல்லின் உள்ளே இரத்த ஓட்டம் அற்றுப்போன அழுகலை எந்த நுண்ணுயிர்க்கொல்லி மருந்தும் சென்றடைவதில்லை. பல்லைத் திறந்து வேரைத் தூய்மை செய்தோ, சீழை வெளியேற்றியோ, பல்லை அகற்றியோதான் நோயின் ஊற்றை அடைக்க முடியும். பெரும்பாலான பல்வலிகளுக்கு நுண்ணுயிர்க்கொல்லி தேவையில்லை, பல்லுக்கான சிகிச்சையே தேவை என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறி தெளிவாகக் கூறுகிறது. மாத்திரை வீக்கத்தைச் சற்றுத் தணிக்கிறது. நோயாளி நலமடைந்துவிட்டதாக எண்ணுகிறார். அடியில் எலும்பு கரைந்துகொண்டே இருக்கிறது. அரைகுறையாக உட்கொண்ட மருந்து கிருமிகளுக்கு எதிர்ப்பாற்றலைக் கற்றுத் தருகிறது. வலி மாத்திரைகளிலும் எச்சரிக்கை வேண்டும். சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப்புண் உடையோர், இரத்தம் உறையாமைக்கு மருந்து உண்போர் ஆகியோருக்கு வழக்கமான வலி மாத்திரைகள் பல தீங்கு செய்யும்.

அயல்நாட்டில் இருப்பவரும் ஊரில் தொலைபேசியில் கேட்பவரும் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய அபாய அறிகுறிகள் சில உண்டு. பல்வலியுடன் வீக்கம் தாடைக்கு அடியிலோ கழுத்திலோ கண்ணை நோக்கியோ பரவுதல், காய்ச்சல், வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க இயலாமை, நாக்கு மேலெழும்பிப் பேச்சு குழறுதல், மூச்சுத் திணறல் ஆகியவை அவை. இவற்றுள் ஒன்று தோன்றினும், மறுநாள் காலை கிளினிக் திறக்கட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும். கீழ்த்தாடைச் சீழ் இருபுறமும் பரவி மூச்சுக்குழலை நெருக்குமானால், சில மணி நேரத்திலேயே உயிர் போகலாம். நீரிழிவு உடையோருக்கு இவ்வபாயம் மிகுதி. ஆம்புலன்சை அழைக்கச் சிங்கப்பூரில் 995, ஐக்கிய அரபு நாடுகளில் 998, சவுதி அரேபியாவில் 997, மலேசியாவில் 999, கனடாவிலும் அமெரிக்காவிலும் 911. நம் ஊரின் 108-ஐ அறிந்து வைத்திருப்பதுபோல் இவற்றையும் அறிந்து வைத்தல் நலம்.

வலியே இல்லாத ஓர் அறிகுறியையும் சொல்ல வேண்டும். பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் நம் பகுதியில் பரவலாக உள்ளது. அப்பழக்கம் தொழிலாளர்களோடு கடலும் கடக்கிறது. புகையிலை கலவாத வெறும் பாக்கும் புற்றுநோய் விளைவிப்பதே. வாயில் இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைந்துவருதல் ஆகியவற்றை அடுத்த விடுப்புவரை ஒத்திவைக்கலாகாது. அடுத்த விடுப்பு இரண்டு ஆண்டு கழித்து வரலாம். புற்று அவ்வளவு நாள் காத்திருக்காது.

இனி, அந்தத் தாயார் கேட்ட பதினோரு நாள் கணக்குக்கு வருகிறேன். 'அங்கே ஆகும் செலவில் ஒரு பகுதிகூட இங்கே ஆகாது. ஊருக்கு வரும்போது மொத்தமாக முடித்துக்கொள்ளலாம்' என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றியுள்ளது. செலவைப் பொறுத்தவரை அதில் நியாயம் உண்டு என்பதை மறுக்கவில்லை. அயல்நாட்டில் வாழும் தமிழர் மட்டுமன்றிப் பிற நாட்டினரும் பல் சிகிச்சைக்காகச் சென்னைக்கு வருகிறார்கள். ஆனால் திசுக்கள் ஆறுவதற்கு என்று ஒரு காலம் இருக்கிறது. விமானச் சீட்டின் தேதியைப் பார்த்து அவை விரைவதில்லை. பல் பிடுங்கிய குழியில் இரத்தக்கட்டு கலைந்து கடும் வலி எழுவது பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில். புதைந்த ஞானப்பல்லை அறுத்தெடுத்தால் தையல் பிரிக்க ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். மேல்தாடைக் கடைவாய்ப்பல்லின் வேர் மூக்கையடுத்த காற்றறையை ஒட்டியிருப்பதால், அதைப் பிடுங்கும்போது துளை ஏற்படுமானால் விமானப் பயணத்தைத் தள்ளிவைக்கவே நேரிடும். தாடை எலும்பில் பொருத்தும் இம்பிளான்ட் எலும்போடு இணைய, பொதுவாக மூன்று முதல் ஆறு மாதம் வேண்டும். ஆகவே விடுப்பின் கடைசி வாரத்தில் வராதீர்கள். வந்திறங்கிய முதல் வாரத்திலேயே வாருங்கள். எதை இப்போது செய்வது, எதை அடுத்த முறைக்கு வைப்பது, எதை அங்கேயே செய்துகொள்வது என்று மருத்துவரோடு அமர்ந்து பட்டியலிடுங்கள். எல்லாவற்றையும் பத்து நாளில் முடித்துத் தருவதாக எவரேனும் வாக்களித்தால், சிக்கல் நேர்ந்தால் யாரிடம் போவது என்று கேளுங்கள்.

அங்கேயே சிகிச்சை பெற வேண்டியவர்கள் மருத்துவரைத் தேர்வது எவ்வாறு? முதலில் பதிவு. இந்தியாவில் ஒவ்வொரு பல் மருத்துவரும் மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவ்வாறே சிங்கப்பூரிலும் பிரிட்டனிலும் பல் மருத்துவ மன்றங்கள் உள்ளன. பதிவு பெற்றோரின் பெயரை இணையத்தில் எவரும் சரிபார்க்கலாம். தங்குவிடுதி அறையில் குறைந்த விலைக்குப் பல் கட்டித் தருவதாகச் சொல்பவரிடம் வாயைத் திறக்காதீர்கள். இரண்டாவது, செலவு. சிகிச்சை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுத்தில் கேட்பது அங்கெல்லாம் இயல்பான வழக்கம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. மூன்றாவது, உதவி. சிங்கப்பூரில் ஹெல்த்சர்வ் என்ற தொண்டு நிறுவனம் 2006 முதல் அயல்நாட்டுத் தொழிலாளர்களுக்காக இயங்கி வருகிறது. பல் சிகிச்சையும் அளிக்கிறது. நான்காவது, மொழி. ஆங்கிலமும் தமிழும் அறிந்த நண்பர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். இயலாவிடில் அவரைத் தொலைபேசியிலேனும் இருத்துங்கள். எந்தப் பல், என்ன நோய், என்ன செய்யப்போகிறார்கள், வேறு வழி உண்டா, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்னும் ஐந்து கேள்விகளுக்கும் விடை விளங்கும்வரை ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். விளங்காமல் இடும் கையெழுத்து ஒப்புதல் ஆகாது.

சொல் போன இடத்தில் துணை நிற்பது எழுத்து. இரண்டாம் சரபோஜி மன்னர் தஞ்சையில் நடத்திய தன்வந்திரி மகாலில், கண் நோயாளிகளின் கண்களை வண்ணத்தில் வரைந்து, நோயின் தன்மையையும் சிகிச்சையையும் குறித்து வைத்தார்கள். இரு நூற்றாண்டு கடந்தும் அக்குறிப்புகள் சரசுவதி மகால் நூலகத்தில் உள்ளன. இம்மண்ணிலேயே அத்தகைய முன்னோடி இருக்க, இன்று பல் சிகிச்சை முடித்துச் செல்லும் நோயாளியின் கையில் பெரும்பாலும் பணம் கட்டிய ரசீதைத் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. இது மருத்துவர்களாகிய எங்கள் பிழை. எந்தப் பல்லுக்கு எப்போது என்ன செய்யப்பட்டது, என்ன பொருள் வைக்கப்பட்டது, என்னென்ன மருந்து ஒவ்வாது என்பவை அடங்கிய ஒரு பக்கக் குறிப்பையும் எக்ஸ்ரே படத்தையும் கேட்டுப் பெறுவது உங்கள் உரிமை.

அக்குறிப்பில் பல்லின் பெயரும் எழுதப்பட்டிருக்க வேண்டும். எண் மட்டும் போதாது. காரணம் உண்டு. நாம் பின்பற்றும் பன்னாட்டு ஈரிலக்க முறையில் 18 என்பது மேல்தாடையின் வலப்புற ஞானப்பல். அமெரிக்காவில் பற்களை 1 முதல் 32 வரை தொடராக எண்ணுகிறார்கள். அம்முறையில் 18 என்பது கீழ்த்தாடையின் இடப்புற இரண்டாம் கடைவாய்ப்பல். 'பதினெட்டாம் பல்லை எடுக்கச் சொன்னார்கள்' என்று ஊரில் கேட்டதை அங்கே போய்ச் சொல்லும் முதியவர், பிழையான பல்லைச் சுட்டியவர் ஆகிவிடுவார். இரத்தம் உறையாமைக்கான மருந்து, எலும்புத் தேய்வுக்கான ஊசி, இதய வால்வு அறுவை ஆகியவையும் அக்குறிப்பில் இடம்பெற வேண்டும். எலும்புத் தேய்வுக்கான சில மருந்துகளைப் பெற்றவருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடையெலும்பு ஆறாமல் போகலாம் என்பதால், பல் மருத்துவர் அதை முன்னரே அறிந்திருத்தல் இன்றியமையாதது.

ஒரு கேள்வியை எங்களை நோக்கியும் கேட்டுக்கொள்ள வேண்டும். அயல்நாட்டில் நம்மவர் படும் பாட்டைப் பேசும் நாம், நம் வாயிலில் நிற்கும் அயலாரை எவ்வாறு நடத்துகிறோம்? கோட்டையையும் 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயத்தையும் காண வரும் வெளிநாட்டுப் பயணியை நாற்காலி தந்து அமரவைக்கிறோம். ஆங்கிலம் அறிந்த ஊழியரை அழைக்கிறோம். நன்று. ஆனால் நாற்று நடவுக்கும் கட்டட வேலைக்கும் வங்காளத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து, கன்னத்தில் கைவைத்து நிற்கும் தொழிலாளிக்கு அதே பொறுமை கிடைக்கிறதா? தமிழ் எழுத்தில் உள்ள ஒப்புதல் படிவத்தில் அவர் கைந்நாட்டு வைக்கிறார். சிங்கப்பூரில் நம் பிள்ளை நின்ற இடத்தில்தான் இங்கே அவர் நிற்கிறார். இந்தி, வங்காளி மொழிகளில் படிவங்களும், தொலைபேசி வழி மொழிபெயர்ப்பும் இவ்வட்டாரத்தின் ஒவ்வொரு மருத்துவமனையிலும் ஏற்பட வேண்டும் என்பதை இவ்விதழின் வழியே வலியுறுத்துகிறேன். எங்கள் மருத்துவமனையும் இதற்கு விலக்கன்று.

பயணம் செல்வோர் குறைந்தது ஆறு வாரத்துக்கு முன் பல் பரிசோதனை செய்துகொண்டால் பெரும்பாலான துன்பங்கள் தவிரும். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் பல் பிரிவு உண்டு. பெரிய சிகிச்சைகளுக்கு, சிதம்பரத்தையடுத்த அண்ணாமலைநகரில் உள்ள அரசுப் பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை. 'பல்லைக் காட்டுதல்' என்றால் நம் வழக்கில் பிறரிடம் இரந்து நிற்றல் என்று பொருள். அயல்நாட்டில் அவ்வாறு நிற்கும் நிலை வராதிருக்க, இங்கேயே ஒரு முறை பல்லைக் காட்டிவிட்டுப் போவது மேல்.

அந்த இளைஞருக்கு அன்றே சீழை வெளியேற்றி, வாய் திறக்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பல்லை அகற்றினோம். மற்ற இரு சொத்தைகளை அடைத்தோம். இழந்த பல்லுக்கு மாற்று அடுத்த விடுப்பில் என்று முடிவாயிற்று. தாயாருக்கு அதில் மனக்குறைதான். புறப்படுமுன் அவர் கையில் ஆங்கிலத்தில் ஒரு பக்கக் குறிப்பைக் கொடுத்து, அதன் பொருளைத் தமிழில் வரிவரியாகச் சொன்னேன். அவர் அதைக் கடவுச்சீட்டின் உறைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். தாயார் தம் கைப்பையிலிருந்து எடுத்த மாத்திரை அட்டை ஒன்றை என் மேசைமேல் வைத்தார். "இத இனிமே அனுப்ப மாட்டேன் டாக்டரம்மா" என்றார்.